தவிட்டுக்கு வாங்கிய மகள்

பிள்ளை எங்கள் கையில் ஒன்பது வருடம் வளர்ந்த பிறகு, அவளை வளர்க்க எங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க லயத்துக்கு ஓர் உத்தியோகத்தர் அம்மா வந்தார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாயால் சொல்லித் தீர்க்கத் தெரியாததால் எழுதுகிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாடப் போடுகிற வேலை. அங்கே காற்றாடி இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளை எப்படி வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் வந்தது.

நாங்கள் இருப்பது எல்கடுவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம்; எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண் இருந்தாள். என் மனைவியைவிடப் பத்து வயது இளையவள். இருவரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சில மாதத்தில் தவறிவிட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்தது. எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதை வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். வாங்குவது பேருக்குத்தான். பிள்ளை பெற்றவளிடமே பால் குடிக்கும், பெற்றவளிடமே தூங்கும். ஆனால் அது இன்னொருத்தியின் பிள்ளை, அதுவும் வெறும் தவிட்டுக்கு விலைபோன பிள்ளை என்று ஆகிவிட்டால், முந்திய இரண்டையும் கொண்டுபோனது எதுவோ, அது இந்தப் பிள்ளையைச் சட்டை செய்யாமல் போய்விடுமாம். அவ்வளவுதான் அதன் பொருள்.

என் மனைவி உக்குவளைக்கு இறங்கி ஓர் அரிசி ஆலையில் தவிடு வாங்கி வந்தாள். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள், கோவில் முன்னால், சுளகில் ஒரு படி தவிட்டைக் கொட்டி, அதன்மேல் தன் பழைய சேலை ஒன்றை மடித்து வைத்துக் கொடுத்தாள். பெற்றவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தாள்.

"யாரு புள்ள?" என்று பூசாரி மூன்று தடவை கேட்டார்.

"எம் புள்ள" என்று மூன்று தடவையும் என் மனைவி சொன்னாள். பிறகு பிள்ளையைப் பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்து, "எம் புள்ளைய நல்லா பாத்துக்க தங்கச்சி, சும்மா அழவுட்டேன்னா தெரியும்" என்றாள்.

"பாத்துக்கிறேன்க்கா. ஆனா அரப்பேரு போட்டு பாதி நாள் கூலி குடுத்துறணும்" என்றாள் அவள். கோவிலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளை தங்கியது. பெற்றவள் தங்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான்காம் நாள் பெட்டியில் வந்தாள். அவள் புருசன் இரண்டு மாதம் பிள்ளையை வைத்துக்கொண்டு தடுமாறினான். பிறகு தம்புள்ளைக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பிள்ளையை யார் எடுப்பது என்று லயத்தில் யாரும் கேட்கவில்லை. அவன் போன அன்று பின்னேரம் என் மனைவி பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ப் பிள்ளையை இடுப்பிலும் பால் போத்தலைக் கையிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சுவர் தாண்டி வந்ததுதான் எங்கள் தத்து.

அன்றைக்கு எந்த உத்தியோகத்தரும் வரவில்லை. பிள்ளைக்கு அம்மை போட்டபோது வரவில்லை. நாய் கடித்து நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியபோது வரவில்லை. தாய் செத்து, தகப்பன் ஓடிப்போன பிள்ளை சோறு தின்கிறதா என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. இதை நான் பிறகு யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிள்ளையிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. லயத்தில் எதை மறைக்க முடியும்? செத்துப்போன அம்மா ஒருத்தி, இருக்கிற அம்மா ஒருத்தி என்று அவளுக்குக் கணக்கு சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எவனாவது "தவிட்டுப் புள்ள" என்று கேலி செய்தால், "ஒன்னைய சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். வாய் என் மனைவியின் வாய்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து அவளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். அங்கே அதிபர் அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார்.

"நீங்க புள்ளைக்கு என்ன முறை?"

"அப்பா" என்றேன்.

"இதுல இருக்கிற பேரு ஒங்களோடது இல்லையே."

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அதிபர் நல்ல மனிதர். இடத்தைப் பிடித்து வைப்பதாகவும், கோர்ட்டில் முறைப்படி தத்தெடுத்துக் கடிதம் கொண்டுவரும்படியும் சொன்னார். அதுவரையில் நான் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.

டவுனில் ஒரு தமிழ் சட்டத்தரணியைப் பிடித்தோம். அவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "ரெண்டு பேரும் இருபத்தஞ்சு வயசு தாண்டியிருக்கணும். புள்ளையவிட இருபத்தொரு வயசாவது மூத்தவங்களா இருக்கணும்" என்றார். எங்கள் தலைமுடியைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டுலயும் ஒங்களுக்குப் பிரச்சினை இல்ல" என்று சிரித்தார். "புள்ளைக்கு பதினாலு ஆகக்கூடாது, அதுவும் சரி. பத்து தாண்டிட்டதால அதோட சம்மதமும் வேணும். தகப்பன் உசிரோட இருந்தா அவரோட சம்மதம் வேணும்." பிறகு கடிதங்களைச் சொன்னார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், தாயின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் கடிதம், உடம்புக்கும் மனதுக்கும் டாக்டர் கடிதம், சம்பளக் கடிதம், வீட்டுக் கடிதம், விவாகச் சான்றிதழ். தாள் நிறைந்து பின்பக்கம் திரும்பியது.

விவாகச் சான்றிதழில்தான் முதல் அடி விழுந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் கோவிலில் வைத்துத் தாலி கட்டினேன். தோட்டமே வந்து சாப்பிட்டது. பதிவு செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். தாலியைப் பார்த்தும் கல்யாணம் ஆனதா என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். புருசன் பெண்சாதி சேர்ந்துதான் தத்துக் கேட்க முடியுமாம். சட்டத்துக்கு நாங்கள் இன்னும் புருசன் பெண்சாதி ஆகவில்லை.

ஆகவே நாற்பத்தெட்டு வயதில் விவாகப் பதிவாளர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் எங்கள் இருவரின் பெயருக்கும் நேரே "மணமாகாதவர்" என்று எழுதினார். என் மனைவி கழுத்தில் கிடந்த தாலியை எடுத்து வெளியே போட்டு, "இது என்னாங்க ஐயா, நாய்க்குக் கட்டின சங்கிலியா?" என்றாள்.

"பதிவு இல்லம்மா. நான் இப்பிடித்தான் எழுதணும்" என்றார் அவர், பேனாவை எடுக்காமல்.

பிள்ளைதான் சிரித்தாள். "எங்க வகுப்புல யாருமே அவங்க அம்மா கல்யாணத்துக்குப் போனதில்ல. நான் போயிட்டேன்" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். என் மனைவி அவள் வாயைப் பொத்தினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்றக் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நாள் வேலை போனது. பிள்ளை இல்லாததற்கு யாரில் குறை என்று டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். வெளியே பெஞ்சில் எங்கள் தோட்டத்துச் சனம் இருந்தது. பொலிஸ்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்தார்கள். "என்னாண்ணே, யார அடிச்சீங்க?" என்று ஒரு வாரம் தொழிற்சாலையில் கேலி. யாரையும் அடிக்காதவன் நான். இப்போது நினைத்தால், அடிக்காமல் இருந்ததுதான் பிழையோ என்றுகூட இருக்கிறது.

பிறகுதான் அந்த நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா வந்தார். தத்துக் கேட்பவர்களின் வீட்டைப் பார்த்துக் கோர்ட்டுக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. சிங்கள அம்மா. முப்பது வயது இருக்கும். மேட்டில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். குறை சொல்லக்கூடாது, முகம் சுளிக்கவில்லை, தேத்தண்ணியைக் குடித்தார். என் மனைவிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. எனக்கு வரும். அதனால் நான்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவனுக்கு அந்த வேலை வந்தது.

"மூன்று பேரும் எங்கே தூங்குவீர்கள்?"

இருந்தது ஒரே அறை. காட்டினேன். கட்டிலில் அவளும் அம்மாவும், கீழே பாயில் நான்.

"பெண் பிள்ளை வளர்கிறாள். தனியாக ஓர் அறை வேண்டும்" என்றார்.

காம்பராவுக்குப் பின்னால் ஓர் அறை இறக்குவதற்குத் தோட்டத்து ஆபீசில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், லயத்தில் கல் வைக்கக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னேன்.

"அப்படியானால் இந்த வீடு உங்களுடையது இல்லையா?"

"தோட்டத்துது, மிஸ்."

அவர் எழுதிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா பிறந்ததும் அந்தக் காம்பரா, செத்ததும் அந்தக் காம்பரா. ஓர் ஆபீஸ் அறை கட்டாதே என்கிறது. இன்னோர் ஆபீஸ் அறை இல்லாமல் பிள்ளை இல்லை என்கிறது. இரண்டும் அரை மணித்தியாலப் பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசாது. இரண்டுக்கும் நடுவில் நின்று கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

கடைசியாக அவர் என் மனைவியைப் பார்த்து, "பிள்ளை உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். கேள்வி விளங்கிவிட்டது. அது அவளுக்குப் பெருமையான கதை. "நான் வாங்கின புள்ள மிஸ். பொறந்து முப்பதாம் நாளே வாங்கிட்டேன். தவிடு குடுத்து வாங்கினேன்."

"என்ன சொல்கிறார்?" என்று உத்தியோகத்தர் என்னைக் கேட்டார்.

"பிள்ளையை விலைக்கு வாங்கினாளாம். தவிடு கொடுத்தாளாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

பேனா நின்றது. "எவ்வளவு?"

"ஒரு படி."

"வேறே?"

"ஒரு சேலை."

"தாய் அதை வாங்கினாரா?"

நான் மனைவியைக் கேட்டேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்கினாளே, ரெண்டு கையாலயும் வாங்கினா. அதுக்குச் சாட்சி தோட்டமே இருக்கு" என்றாள். அதையும் அப்படியே சொன்னேன். கேட்டதற்குப் பதில். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏன் வாங்கினோம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முந்திச் செத்த இரண்டு பிள்ளைகளைச் சொல்ல வேண்டும், கோவிலைச் சொல்ல வேண்டும், அவ்வளவு சிங்களத்தையும் கோர்த்து ஓர் உத்தியோகத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் எழுந்து போனால் போதும் என்று நினைத்தேன். போனார். நான் ரோடுவரை போய்க் குடை பிடித்து விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை கழித்துச் சட்டத்தரணி கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"யாருங்க ஒங்கள இப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"நடந்தத சொன்னோம் ஐயா."

"தத்துக்காகப் பொருள் குடுக்கிறதும் குத்தம், வாங்கிறதும் குத்தம். கோர்ட் அனுமதி இல்லாம ஒன்னும் கைமாறக் கூடாது. புள்ளைய வெல குடுத்து வாங்கினதா அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு அறிக்கையில இருக்கு. சாட்சி தோட்டமே இருக்குன்னு வேற எழுதியிருக்கு." கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னோட வேலைய எனக்கு முந்தி நீங்க செஞ்சிட்டீங்க, எதிர்ப்பக்கத்துக்கு."

"புள்ளைய என்ன செய்வாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"விசாரணை முடியிறவரைக்கும் சிறுவர் இல்லத்துல வைக்கச் சொல்லலாம். நீதிபதி கையில இருக்கு. தகப்பனக் கண்டுபிடிச்சுக் கொண்டுவாங்க. அவரு வந்து நடந்தத சொன்னா ஏதாவது வழி இருக்கு. உடுப்பு ரெண்டு மூணு எடுத்து ஒரு பேக்குல வச்சுக்கிட்டே வாங்க, எதுக்கும்."

அந்த "எதுக்கும்" என்ற சொல்லை நான் எத்தனையோ நாள் மென்றுகொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். அங்கே வைத்துத்தான் என் மனைவி வெடித்தாள். "நீங்கதானே சிங்களத்துல சொன்னீங்க. வெளங்கப்படுத்த வேணாம்?"

"அவங்க கேக்கல."

"கேக்காட்டி? ஒங்களுக்கு வாயி எதுக்கு இருக்கு, வெத்தல போடவா? மேமாடியில காத்தாடியோட இருந்து இருந்து நீங்களும் ஒரு காத்தாடியாத்தான் ஆயிட்டீங்க."

பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு யார்மேல் கோபம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அந்தச் சட்டம்மேல், அந்த அம்மாமேல், பதில் எழுதாத தோட்டத்து ஆபீஸ்மேல், ஓடிப்போனவன்மேல். எல்லாவற்றுக்கும் அடியில் என்மேல்.

தம்புள்ளையில் மரக்கறிச் சந்தையில் அவன் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். காலையிலேயே போய்விட்டேன். லொறிகளுக்கு நடுவில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். யாரையும் நிறுத்திக் கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு சுற்றுச் சுற்றியபின் முட்டைக்கோவா மூட்டையோடு அவனே எதிரில் வந்தான். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்காமலேயே நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"யார்றா அது, ஒன் மாமனாரா?" என்று மூட்டை தூக்குகிற இன்னொரு நாட்டாமை கத்தினான். "பொண்ண என்னடா செஞ்ச?"

அவன் மூட்டையைப் போட்டுவிட்டு என்னை ஒரு லொறிக்குப் பின்னால் கூட்டிப் போனான். "அண்ணே, எனக்கு இங்க குடும்பம் இருக்கு. ரெண்டு பயலுக. அவளுக்கு மொத சங்கதி ஒன்னும் தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருக்கலாம். கை எழவில்லை. கோர்ட்டைச் சொன்னேன், தவிட்டைச் சொன்னேன், சிறுவர் இல்லத்தைச் சொன்னேன். அவன் தலைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அந்தத் தவிடா? அதக் கோழிக்குப் போட்டுட்டோமேண்ணே."

"அத வந்து சொல்லு."

"கையெழுத்து மட்டும்னா இங்கயே போட்டுத் தாறேன். கோர்ட்டுக்கெல்லாம்..."

"வா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. அவன் சட்டையைப் பிடித்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது, ஒரு பொத்தான் என் கையில் இருந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு வராதவன். சட்டத்தில் இன்னமும் அவன்தான் அப்பா. அவன் சம்மதித்தால்தான் எனக்கு அவள் மகள். பத்து வருடம் வராவிட்டாலும் அவனிடம் கடிதம் கேட்கமாட்டார்கள், டாக்டரிடம் அனுப்பமாட்டார்கள், அவன் எங்கே தூங்குகிறான் என்று பார்க்கமாட்டார்கள்.

"அவ இப்ப யாரு மாதிரிண்ணே?" என்று கேட்டான். நான் திரும்பி பஸ்ஸுக்கு நடந்தேன்.

வழக்கு நாளன்று வந்திருந்தான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். துவைத்த சட்டை போட்டு, தூணோரம் நின்றான். பிள்ளை அவனை ஒரு தரம் பார்த்தாள், பிறகு என் மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவியின் கையில் அந்த உடுப்புப் பை இருந்தது. பிள்ளையிடம், "மழ வந்தா மாத்திக்க" என்று சொல்லியிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

இப்படிப்பட்ட வழக்கை எல்லோர் முன்பும் கேட்கமாட்டார்களாம். நீதிபதியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி, சட்டத்தரணி, அந்த உத்தியோகத்தர் அம்மா, எழுதுகிற ஒருவர், தமிழை மாற்றிச் சொல்ல ஒருவர். முதலில் தகப்பனைக் கேட்டார்கள். பிள்ளையைக் கொடுக்கச் சம்மதமா என்றதற்கு, "சம்மதமுங்க" என்றான். பிள்ளைக்காக ஏதாவது வாங்கினாயா என்றதற்கு, "தவிடு குடுத்தாங்க சாமி. ஒரு படி. நாலு கோழி இருந்துச்சு, அதுகளுக்குப் போட்டோம்" என்றான்.

மாற்றிச் சொல்கிறவர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் எழுதுகிறவர் சிரித்துவிட்டார். சட்டத்தரணியும் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இது என்ன தவிடு?" என்று கேட்டார்.

அந்தச் சிரிப்புத்தான் என் வாயைத் திறந்தது என்று நினைக்கிறேன். தமிழிலேயே சொன்னேன். கத்தியிருக்கிறேன் போலும், சட்டத்தரணி என் முழங்கையைத் தொட்டார். "சிரிக்கிறதுக்கு இல்லீங்க. மொத ரெண்டு புள்ளையும் செத்துப் போச்சு. இதுவும் செத்துறக்கூடாதுன்னுதான் வாங்கினோம். வாங்கி அன்னைக்கே பெத்தவகிட்டயே குடுத்துட்டோம். எங்களுக்குன்னு எடுத்துக்க வாங்கல. அவ செத்துட்டா. இவரு போயிட்டாரு. அப்பறம் யாரு பாப்பா? ஒங்க ஆளுக வந்தாங்களா? ஒருத்தரும் வரல. இப்ப வந்து வெல என்னான்னு கேக்குறீங்க."

இதெல்லாம் அப்படியே சிங்களத்துக்குப் போகவில்லை. மாற்றிச் சொன்னவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். எனக்கு அந்த மொழி விளங்கும் என்பது தெரியாமல், கடைசி வரியை அவர் விட்டுவிட்டார். நீதிபதி சிறிது நேரம் அறிக்கையைப் புரட்டினார். உத்தியோகத்தர் அம்மாவைப் பார்த்து, இந்த வழக்கத்தைப் பற்றி வேறு யாரையாவது விசாரித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அவர்.

பிறகு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். சட்டப்படி அவளைக் கேட்டாக வேண்டும். மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேசை அவள் நெஞ்சு உயரம் இருந்தது.

"இவங்களோட இருக்க ஒனக்கு விருப்பமா?" என்று மாற்றிச் சொல்கிறவர் கேட்டார்.

"இருக்கேனே" என்றாள்.

"இருக்கியான்னு கேக்கல. விருப்பமான்னு ஐயா கேக்குறாரு."

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். "அங்க பாக்காத. ஐயாவைப் பாத்துச் சொல்லு" என்றார்கள். அந்த இரண்டு மூன்று நொடியில் என் மனைவி பையை எப்படிப் பிடித்திருந்தாளோ, பிறகு பார்த்தால் அதன் கைப்பிடித் தையல் பிரிந்திருந்தது.

"விருப்பம்" என்றாள் பிள்ளை.

உத்தரவு போட்டார்கள். அறையில் பலகை வைத்துத் தடுத்துப் பிள்ளைக்குத் தனி இடம் செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். பலகை ஏற்கெனவே அடித்திருந்தேன், அதைக் கேட்க யாரும் இல்லை. அன்றைய தேதியிலிருந்து அவள் எங்கள் மகள் என்று எழுதினார்கள். அதற்கு முந்திய ஒன்பது வருடத்துக்கு அவர்களிடம் ஒரு வரியும் இல்லை.

வெளியே வந்தபோது உத்தியோகத்தர் அம்மா பின்னாலேயே வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, நல்லபடியாக முடிந்தது சந்தோஷம் என்றார். பிறகு என்னிடம் மட்டும், மெதுவாக, "நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன்" என்றார்.

உண்மைதான். அதனால்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருக்குத் தாராளமாக நன்றி சொல்லி, வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வரச் சொன்னவள் என் மனைவி. தகப்பனைத் தேடினேன், போய்விட்டிருந்தான்.

பஸ்ஸில் மனைவி வாய் ஓயாமல் பேசினாள். பாயாசம் வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்து உடுப்புக்கு வெள்ளைச் சீத்தை எடுக்க வேண்டும், கோவிலுக்குப் போக வேண்டும். பிள்ளை சன்னல் ஓரம் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். அவளுக்கு அது வழக்கமில்லை. மேட்டில் பஸ் முக்கி ஏறிக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அந்த ஐயா கேட்டப்ப நான் விருப்பம் இல்லேன்னு சொல்லியிருந்தா என்னைய எங்க அனுப்பியிருப்பாங்க?"

"காதத் திருகி வீட்டுக்கு இழுத்துட்டு வந்திருப்பேன்" என்று என் மனைவி சிரித்தாள். "கேக்குறா பாரு கேள்வி."

பிள்ளை சிரிக்கவில்லை. என்னிடம்தான் கேட்டிருந்தாள், என் பதிலுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலைவரை எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வி இருந்ததில்லை.